கடல் இங்கே, கூட்டாளி அங்கே: வெளிநாட்டுக் கூட்டாய்வுக்கு எந்த அரசுத் திட்டம் பொருந்தும்?

கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ ஒரு கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடற்புல்லைப் பற்றியோ பாசியைப் பற்றியோ நாலைந்து கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டு வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் மின்னஞ்சல் போடுகிறார்: மன்னார் வளைகுடாவில் சேர்ந்து வேலை செய்யலாமா? உங்களுக்கு ஆசைதான். கல்லூரி முதல்வர் கேட்பது ஒரே கேள்வி: யார் பணம்?

அரசுப் பணம் இருக்கிறது. கல்வி அமைச்சகம், அறிவியல் தொழில்நுட்பத் துறை, 2023-இல் சட்டம் போட்டு உருவாக்கிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்று ஆளுக்கொரு திட்டம் வைத்திருக்கிறார்கள். ஆனால் விதிகளைப் படித்தால் ஐஐடி வளாகத்தை மனதில் வைத்து எழுதியது போலத்தான் இருக்கும். எது அதிகப் பணம் தரும் என்று ஒப்பிட்டுப் பார்த்து நம் கடற்கரைக்காரர்களுக்குப் பெரிய பயன் இல்லை. எதில் ஆளும் கருவியும் நம் கடலுக்கு வருகின்றன, எதில் நாம் கடலை விட்டுப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். இப்படிச் சொல்வதற்குக் காரணம் சட்டம். அதை முதலில் முடித்துவிடலாம்.

மாதிரி ஊர் தாண்டாது

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986-இல் தேசியப் பூங்கா ஆயின. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. குருசடை, முயல் தீவு, மனோலி எதில் கால் வைக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். பவளமும் கடற்பசுவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆய்வுக்காகப் பவளத்தில் ஒரு விரல் நீளம் உடைக்க வேண்டும் என்றாலும் கோப்பு சென்னைக்கும் டெல்லிக்கும் போய்த் திரும்பும். அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தப்படி இன்னொரு அனுமதி. கடல் அட்டையைப் பிடிக்க 2001 முதலே தடை.

இதற்கு மேல் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டவர் நம் உயிர்வளத்தை ஆய்வுக்கு எடுக்க, சென்னையில் இருக்கும் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் முன் அனுமதி பெற வேண்டும் என்கிறது 3-ஆம் பிரிவு. ஆய்வு முடிவுகளை அவர்களுக்குக் கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது 4-ஆம் பிரிவு. ஆனால் 5-ஆம் பிரிவில் ஒரு சலுகை உண்டு. இரு நாட்டு நிறுவனங்களுக்கு இடையிலான கூட்டாய்வு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி அமைந்து, மத்திய அரசின் ஒப்புதலும் பெற்றிருந்தால், மேலே சொன்ன இரண்டு பிரிவுகளும் அதற்குப் பொருந்தாது. என் கணக்கில் இந்தச் சலுகை பல லட்சம் ரூபாய்க்குச் சமம். ஆனாலும் திட்டங்களை ஒப்பிடும்போது பலரும் இதை ஒரு வரியாகக்கூட எழுதிப் பார்ப்பதில்லை. அரசு ஒப்புதலோடு வரும் கூட்டுத் திட்டமும், நட்பு முறையில் மின்னஞ்சலில் முடிவாகும் கூட்டாய்வும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

ஆகவே, மாதிரியைப் பெட்டியில் போட்டு அனுப்பி, அங்கே பகுப்பாய்வு செய்து, முடிவை மட்டும் இங்கே வாங்கும் யோசனை இருந்தால் அதை மறந்துவிடுங்கள். மற்ற ஊர்களில் நடக்கலாம், இந்தத் தீவுகளில் நடக்காது.

ஆளை இங்கே வரவழைப்பது

மூன்று திட்டங்களைச் சொல்லலாம்: கியான், வஜ்ரா, வைபவ்.

கியான் 2015-இல் கல்வி அமைச்சகம் தொடங்கியது. வெளிநாட்டுப் பேராசிரியர் வந்து ஒரு குறுகிய பாடத்திட்டம் நடத்துவார். 12 முதல் 14 மணி நேர வகுப்புக்கு 8,000 டாலர் வரை, 20 முதல் 28 மணி நேரத்துக்கு 12,000 டாலர் வரை மொத்தத் தொகை. மாணவர்களுக்கு நல்ல வாய்ப்புதான். ஆனால் இது வகுப்பறைத் திட்டம். வந்தவர் ஒன்றிரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுவார்.

வஜ்ரா 2017-இல் வந்தது. வெளிநாட்டு விஞ்ஞானி ஆண்டுக்கு ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை இங்கே தங்கி ஆய்வு செய்ய வேண்டும். முதல் மாதத்துக்கு 15,000 டாலர், அடுத்த இரண்டு மாதங்களுக்கு மாதம் 10,000 டாலர் என்று அறிவித்தார்கள். வைபவ் 2023-இல் அறிவியல் தொழில்நுட்பத் துறை அறிவித்தது. இது வெளிநாட்டில் வேலை செய்யும் இந்திய வம்சாவளி விஞ்ஞானிகளுக்கு மட்டும். ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டுகள், மாதத்துக்கு 4 லட்சம் ரூபாய்.

பாசியை வைத்து இவற்றை அளந்து பார்க்கலாம். மூங்கில் மிதவையில் காப்பாஃபைகஸ் என்ற வளர்ப்புப் பாசியைக் கட்டினால் ஒரு அறுவடைக்கு 45 நாள். கியானில் வருபவர் ஒரு அறுவடையைக்கூட முழுதாகப் பார்க்க மாட்டார். வைபவில் இரண்டு மாதம் தங்கினால் ஒன்று. வஜ்ராவில் மூன்று மாதம் தங்கினால் இரண்டு, அதாவது முதல் அறுவடையில் தெரிந்ததை இரண்டாவதில் மாற்றிச் செய்து பார்க்கும் வாய்ப்பு. களப்பணிக்கு அந்த ஒரு மாத வித்தியாசம் பெரிது. வைபவ் இந்தக் குறையை மூன்று ஆண்டு நீட்சியில் ஈடுகட்டுகிறது. ஒரே பருவத்தில் மூன்று ஆண்டு தொடர்ந்து வருபவர் பவளம் வெளுப்பதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். 2010, 2016, 2024 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்தது. மூன்றுமே கோடையில் கடல்நீர் சூடேறியபோது நடந்தவை. அந்த மாதிரி வேலைக்கு ஒரே தடவை மூன்று மாதம் தங்கிவிட்டுப் போகும் ஆளைவிட, ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் வந்துபோகும் ஆள் மேல்.

மாதம் என்றதும் இன்னொன்று. ஐரோப்பியப் பேராசிரியர்களுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் கல்லூரி விடுமுறை. அந்த நேரம் கச்சான் காற்று வீசும், தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், நீரும் கலங்கியிருக்கும். வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) ஓரளவு அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். எனவே ஜூலையில் வருகிறேன் என்பவரைக் குருசடைக்குக் கூட்டிப்போவதாக விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். தேவிபட்டினம், தொண்டிப் பக்கக் கடற்புல் படுகைக்குக் கூட்டிப்போவதாக எழுதுங்கள். டெல்லியில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இது தெரியாமல் போகலாம். படகுக்காரருக்குத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், வஜ்ராவுக்கு அழைக்கும் நிறுவனம் அரசு நிதியில் நடப்பதாக இருக்க வேண்டும். கியானும் பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள் வழியாகத்தான் நடக்கிறது. சுயநிதிக் கல்லூரிக்கு இந்தக் கதவுகள் நேராகத் திறக்காது. மண்டபம் ஊரில் இருக்கும் மத்திய ஆய்வு நிறுவனங்களின் உதவி இங்கேதான் தேவைப்படுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரு நாட்டுக் கூட்டுத் திட்டங்கள்

இதில் பெயர் பெற்றது ஸ்பார்க். 2018 அக்டோபரில் 418 கோடி ரூபாயில் 600 கூட்டாய்வுகளுக்கு என்று அறிவித்தார்கள். ஐஐடி காரக்பூர் ஒருங்கிணைப்பு. இந்திய நிறுவனம் தேசியத் தரவரிசையில் ஒட்டுமொத்தமாகவோ தன் பிரிவிலோ முதல் நூறில் இருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் உலகத் தரவரிசையில் முதல் 500-இல் அல்லது தன் பாடத்தில் முதல் 200-இல் இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் யார் போகலாம் என்றால், தொண்டியில் கடலியல் துறை வைத்திருக்கும் அழகப்பா பல்கலைக்கழகம் போகலாம். மற்றவர்கள் அவர்களோடு சேர்ந்து போகலாம்.

ஸ்பார்க்கில் எனக்கு உறுத்துவது தரவரிசை விதி அல்ல, நாடுகளின் பட்டியல். முதலில் அறிவித்த 28 நாடுகளில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் எல்லாம் இருக்கின்றன. இந்தோனேசியா இல்லை, பிலிப்பைன்ஸ் இல்லை. காப்பாஃபைகஸ் வளர்ப்பில் உலகத்துக்கே முன்னால் நிற்பவை இந்த இரண்டு நாடுகளும்தான். அப்புறம், இலங்கையும் இல்லை.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். வடகடலின் கடற்புல் படுகை இரண்டு நாட்டிலும் இருக்கிறது, கடற்பசு எல்லைக்கோடு பார்த்து மேய்வதில்லை. அங்கே யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் பக்கம் கடல் அட்டைப் பண்ணைகள் சட்டப்படி நடக்கின்றன. இங்கே அதே அட்டையைத் தொட்டால் வழக்கு. ஒரே கடலில் இரண்டு கொள்கைகள் இத்தனை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்தக் கரையில் அட்டையின் நிலைமை என்ன ஆனது என்று இரு பக்கமும் ஒரே முறையில் அளந்தால், அது உலகத்தில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஆய்வு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்வளத் துறை இருக்கிறது, கொழும்பில் அவர்களுடைய தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வினாத்தாளைத் தமிழிலேயே எழுதி இரு கரை மீனவர்களிடமும் கேட்கலாம். இதைவிடப் பொருத்தமான வெளிநாட்டுக் கூட்டாளி நமக்கு வாய்க்காது.

இதற்கான வழி, அறிவியல் தொழில்நுட்பத் துறையும் இலங்கை அரசும் சேர்ந்து நடத்தும் இருதரப்புத் திட்டம். இருதரப்புத் திட்டங்களின் பொதுவான ஏற்பாடு இதுதான்: அவரவர் ஆட்களுக்கு அவரவர் அரசு பணம் தரும், போகும் பக்கம் விமானக் கட்டணம், அழைக்கும் பக்கம் தங்கும் செலவு. தொகை பெரிதாக இருக்காது. ஒரு ஆய்வு மாணவருக்கு இப்போதைய விகிதம் மாதம் 37,000 ரூபாய், அதோடு வேதிப்பொருள், பயணம், அவ்வளவுதான். இரண்டு அரசுகளும் தனித்தனியாக ஒப்புக்கொண்டால்தான் திட்டம் நடக்கும். ஒரு பக்கம் தேறி, மறுபக்கம் தேறாமல் நின்றுபோன திட்டங்கள் உண்டு. அழைப்பில் எந்தப் பாடங்கள் என்று ஒவ்வொரு முறையும் மாற்றுவார்கள். கடல் என்ற சொல்லே இல்லாத அழைப்பும் வரும், அப்போது உயிரித்தொழில்நுட்பம் என்ற தலைப்புக்குள் உங்கள் கேள்வியைப் பொருத்த வேண்டியிருக்கும்.

போய்வரும் கதையும் சொல்ல வேண்டும். கண்ணுக்கு எதிரே இருக்கும் கரைக்கு நேராகப் போக முடியாது. ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் 1980-களில் நின்றது. மதுரையிலிருந்து கொழும்பு விமானம், சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமானம், இல்லாவிட்டால் 2023-இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல். பயணச் செலவை 30 கிலோமீட்டர் என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள்.

வளர்ந்த நாடுகளோடு இருக்கும் தனித்தனி மையங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சோடு 1987 முதல் செஃபிப்ரா, அமெரிக்காவோடு 2000 முதல் இந்தோ–அமெரிக்க அறிவியல் தொழில்நுட்ப மன்றம், ஜெர்மனியோடு 2010 முதல் இந்தோ–ஜெர்மன் மையம். ஜெர்மன் மையத்தின் முக்கியத் திட்டத்துக்கு இரு பக்கமும் ஒரு ஆய்வு நிறுவனம், ஒரு தொழில் நிறுவனம் என்று நாலு பேர் சேர வேண்டும். பாசியிலிருந்து காராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளை எடுக்கும் நிறுவனமோ பாசிச்சாறு உரம் தயாரிக்கும் நிறுவனமோ கூட வந்தால் இதை யோசிக்கலாம். வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவித்திருப்பதால் அப்படிப்பட்ட நிறுவனங்கள் இந்தப் பக்கம் வர வாய்ப்பிருக்கிறது. கடற்பசுவைப் பற்றிய ஆய்வுக்கு இந்த வழி உதவாது, எந்தத் தொழில் நிறுவனமும் கையெழுத்துப் போடாது.

நாம் அங்கே போவது

அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்–நேரு, ஐரோப்பாவுக்கு மேரி கியூரி முதுமுனைவர் நல்கை என்று நல்ல வாய்ப்புகள் உண்டு. மேரி கியூரியில் பணம் தருவது ஐரோப்பிய ஒன்றியம், பிஎச்.டி. முடித்து எட்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டுரை வாசிக்கப் போக விமானக் கட்டணம் தரும் சிறு உதவிகளும் இருக்கின்றன.

தனிப்பட்ட வளர்ச்சிக்கு இதுதான் வேகமான வழி. யாரையும் போகாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே சொன்ன சட்டத்தால், மாதிரியை எடுத்துக்கொண்டு போக முடியாது. செயற்கைக்கோள் படம், வெப்பநிலைப் பதிவு, மரபணு வரிசை போன்ற தரவை வைத்துச் செய்யும் வேலை என்றால் போகலாம். அதிலும், எதை யாரோடு பகிரலாம் என்று கிளம்பும் முன்பே உயிரியல் பன்மை ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட வேண்டும். பவளத்தையும் கடற்புல்லையும் கையில் வைத்துச் செய்யும் வேலை என்றால், அங்கே போய் அவர்களுடைய கடலைத்தான் ஆராய்வீர்கள். திரும்பி வரும்போது கை நிறைய அனுபவம் இருக்கும், மண்டபத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

வெளிநாட்டுப் பணத்தை நேராக வாங்குவது

தனியார் கல்லூரி நடத்தும் அறக்கட்டளை என்றால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பதிவு உள்ள ஒரு அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தரவும் முடியாது, அதைத் திருத்தம் தடுத்துவிட்டது. ஏற்கெனவே பதிவு இருந்தால் யோசிக்கலாம். ஒரு ஆய்வுக்காகப் புதிதாகப் பதிவு வாங்கக் கிளம்புவது வேண்டாத வேலை. அதோடு, இந்த வழியில் உயிரியல் பன்மைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுச் சலுகை தானாக வராது.

மண்டபத்தோடு சேர்வது

நான் அந்தக் கல்லூரிப் பேராசிரியராக இருந்தால் முதலில் செய்வது, மண்டபத்தில் இருக்கும் இரண்டு மத்திய நிறுவனங்களில் ஒன்றின் கதவைத் தட்டுவது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கியது. 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை அதன் தலைமையகமே மண்டபம் முகாமில்தான் இருந்தது. 2010-இல் கடல் விரால் எனப்படும் கோபியா மீனை இந்தியாவில் முதன்முதலாகப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ததும் இங்கேதான். இன்னொன்று, பாவ்நகரில் தலைமையகம் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையம். இவை முதன்மை நிறுவனமாகவும் உங்கள் கல்லூரி இணை நிறுவனமாகவும் விண்ணப்பித்தால் அரசு நிறுவனம் என்ற நிபந்தனை தீரும். படகு, ஆய்வகம், வனத்துறையோடு கடிதப் பழக்கம் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. இழப்பும் உண்டு: முதல் பெயர் அவர்களுடையது, பணமும் அவர்கள் கணக்கில் இருக்கும், உங்கள் பங்கு வந்துசேர நாள் ஆகும். என் பார்வையில் கொடுக்கத் தகுந்த விலைதான்.

மண்டபத்துக்கு வெளிநாட்டுக் கூட்டு புதிதும் அல்ல. கேரளத்தில் 1952-இல் தொடங்கிய இந்தோ–நார்வே மீன்வளத் திட்டத்தின் கிளை பின்னாளில் இங்கே வந்தது. இன்று வடகடலில் சண்டைக்குக் காரணமான இழுவைமடியின் வரலாற்றை அந்தத் திட்டத்தைச் சொல்லாமல் எழுத முடியாது. காப்பாஃபைகஸும் அப்படித்தான். பிலிப்பைன்ஸ் இனம், ஜப்பான் வழியாக 1984-இல் சில கிராம் அளவில் இந்திய ஆய்வகத்துக்கு வந்தது. இன்று எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு. அதே பாசி குருசடையில் பவளத்தின் மேல் படர்ந்ததும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே வெளிநாட்டிலிருந்து புது விதைப்பாசி கொண்டுவரும் திட்டம் எதுவாக இருந்தாலும், 2024-இல் மீன்வளத் துறை வெளியிட்ட உயிர்ப்பாசி இறக்குமதி விதிகளைப் படித்து, தனிமைப்படுத்தலுக்கு ஆகும் மாதங்களையும் செலவையும் விண்ணப்பத்திலேயே சேருங்கள்.

என் வரிசை இதுதான். பவளம், பாசி என்றால் மண்டபத்தோடு சேர்ந்து வைபவ் அல்லது வஜ்ரா. அழைப்பு எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடற்புல், கடற்பசு, கடல் அட்டை என்றால் இலங்கை இருதரப்புத் திட்டம், பணம் குறைவானாலும். தொண்டி வளாகத்தில் கூட்டாளி கிடைத்தால் மூன்றாவதாக ஸ்பார்க். தரவு மட்டும் வைத்து வேலை செய்பவர் தாராளமாக வெளிநாடு போகலாம்.

எதில் போனாலும் வனத்துறை அனுமதிக்கான மனுவைத் திட்டத்தின் முடிவு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். வருபவர் சுற்றுலா விசாவில் வந்து களப்பணி செய்யக்கூடாது, ஆய்வு விசா வேண்டும். சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வார். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் இருக்கும் கடற்கரை இது. வெளிநாட்டு முகம் படகில் ஏறினால் விசாரிப்பார்கள், விசாரிக்கவும் வேண்டும். வரும் தேதி, போகும் தீவு, படகின் பதிவு எண் மூன்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

வரவு செலவுப் பட்டியலில் ஒரு வரியை மறக்காதீர்கள். படகு வாடகை போடுவார்கள், டீசல் போடுவார்கள். கஞ்சிப்பாசி எங்கே கிடக்கிறது, மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் என்று முங்கிக் காட்டும் பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களுக்குக் கூலி போட மாட்டார்கள். அவர்களுடைய ஒரு நாள் பாசி வருமானத்துக்குக் குறையாத தொகையைக் களப்பணி உதவி என்ற தலைப்பில், ரசீதோடு கொடுக்கும்படி எழுதுங்கள்.